இருபத்தாறும் இருபத்தொன்றும்

“ஏன் டீச்சர், மூணு எலிய எண்ண உங்களுக்கு ரெண்டு வருசமா?”

நான் குடியிருந்த வீட்டு ஆச்சி இப்படிக் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். எழுபதுகளின் தொடக்கம். வயது இருபத்தெட்டு. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் ஆராய்ச்சி. செக்காலையில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்தை ஒட்டி, ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். செட்டிநாட்டில் கல்யாணமாகி வந்த பெண் சின்ன வயசுக்காரியாக இருந்தாலும் ஆச்சிதான். இந்த ஆச்சிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருந்தால் அதிகம். கணவர் மலேயாவில். பிள்ளைகள் மதராஸில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி மேய்த்தது போக, என்னை வம்புக்கு இழுப்பதும் அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

“எலிய எண்ணல ஆச்சி. எலிக்குள்ள இருக்கறத எண்ணுறேன்.”

“உள்ள என்ன இருக்கப்போகுது? கொடலு இருக்கும்.”

இதே கேள்வியை என் அப்பா வேறு விதமாகக் கேட்பார். சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு நெல் வயல். “வயல் எலிய ஒழிக்க வழி கண்டுபிடிம்மானு படிக்க வச்சா, நீ அதுக்குச் சாதகம் எழுதிக்கிட்டு இருக்க” என்பார். ஜாதகம் என்பது ஒருவகையில் சரிதான். உயிர்களின் செல்லுக்குள் குரோமோசோம்கள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும் அவை தடித்துக் குட்டையாகி, மைக்ராஸ்கோப்பில் குச்சி குச்சியாகத் தெரியும். மனிதனுக்கு நாற்பத்தாறு. வீட்டுச் சுண்டெலிக்கு நாற்பது. வரப்பில் வளை தோண்டும் வயல் சுண்டெலிக்கும் நாற்பது. ஒரே மூதாதையின் வழி வந்த இனங்கள் என்றால் எண்ணிக்கையும் ஒத்துத்தான் இருக்கும் என்று நானும் இருந்தேன். கொத்தனார் எலியைப் பார்க்கும் வரைக்கும்.

கொத்தனார் எலி என்பது எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் வைத்த பெயர். கல்லூரியில் எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, கண்ணாடித் தகட்டைப் பிடித்தால் கை ஒரு நூல் அசையாது. மானகிரிக்கு அங்குட்டு, செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் பொட்டலில் எனக்காக வளை தோண்டியவர் அவர்தான். அங்கே ஒரு சுண்டெலி இருந்தது. முதுகு மயிர் தேங்காய் நார் மாதிரி குத்தும். வயல் சுண்டெலி வளையின் வாயை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போகும். இதுவோ பொடிக் கற்களைப் பொறுக்கிவந்து, வளையின் வாயைச் சுற்றி அடுக்கி, உள்ளே படுக்கைக்கும் கல்லையே பரப்பி வைத்திருந்தது. “பாத்தீங்களாம்மா, இது கொத்தனாரு எலி” என்றார் பாய். அன்றிலிருந்து அதுவே பெயர்.

கொத்தனார் எலியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு. திரும்ப எண்ணினேன். இருபத்தாறு. இன்னொரு எலி பிடித்தோம். இருபத்தாறு. உலகத்தில் யாருமே பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் செம்மண்ணிலிருந்து அதைத் தோண்டி எடுத்து எண்ணியது நான். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் பிள்ளைகளைத் திட்டவே இல்லை. அதிலிருந்தே என் சந்தோஷத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மதுரையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினேன். பதினைந்து நாளில் கடிதம் வந்தது. ‘நாற்பதில் பதினான்கை நீங்கள் தயாரிப்பின்போது சிந்திவிட்டீர்கள் அம்மா. செல் உடைந்தால் குரோமோசோம் சிதறிப்போகும். பிறகு ஆசைப்பட்ட எண்தான் கண்ணுக்குத் தெரியும். மார்கழி விடுமுறையில் குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை கல்லூரிக்கு வந்துவிட்டுப் போகிறேன். என் கண் முன்னால், உயிருள்ள எலியிலிருந்து தகடு தயாரித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் எலியை விட்டுவிட்டு மீன் குடல் புழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள்.’

மீன் குடல் புழு! ஐயோ சாமி. புழுவின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடப் பெரிய எரிச்சல், எனக்கு எண்ணத் தெரியாது என்று ஒருவர் எழுதிவிட்டாரே என்பது. கடிதத்தை நாலாக மடித்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துவிட்டு, பாயைக் கூட்டிக்கொண்டு மறுபடி பொட்டலுக்குப் போனேன்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் விடாமல் கொட்டித் தீர்த்திருந்தது. வளையெல்லாம் தண்ணீர். நாள் கணக்காக அலைந்து, ஒரு மேட்டில் கடைசியாகக் கிடைத்தவை மூன்று எலிகள். ஒரு பெண், இரண்டு ஆண். கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டதால் தீனி வைக்க ஆள் இல்லை. எனவே மூன்றையும் தகரப் பெட்டிகளில் என் அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். காற்றுக்கு மூடியில் ஓட்டை, உள்ளே கம்பு, சோளம். ஆச்சி அப்போதுதான் எட்டிப் பார்த்து, மேலே சொன்ன கேள்வியைக் கேட்டார்.

அந்த நாட்களில் ஆச்சியும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டு. கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள், நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து நூல் உருவி எடுத்து வைப்பார்கள். கடைசி நாள் மாலை அந்த இருபத்தொரு நூலையும் சேர்த்துத் திரித்து, வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவில் திரியாக வைத்து ஏற்றுவார்கள். அதற்கு இழை என்று பெயர். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஓர் இழை. பங்காளி வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆச்சிதான் நூல் எண்ணுவார். கட்டைவிரல் நுனியில் நூல் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும், வாய் ஊர் வம்பு பேசிக்கொண்டே இருக்கும். ஒருநாள் குழப்பிவிடலாம் என்று நடுவில் நான் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தேன். “பதினேழு டீச்சர். நீங்க பேசுங்க” என்றார்.

நோன்பு புதன்கிழமை வந்தது. சனிக்கிழமைக்கு வேண்டிய கரைசல்களைத் தயாரிக்க நான் மதியமே கல்லூரிக்குப் போயிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினால் வீடு முழுக்க ஆவாரம்பூவும் நெய் வாசனையுமாக இருந்தது. நடுமுற்றத்து வளவில் ஒரே சிரிப்பும் பேச்சும். நானும் சிரித்த முகமாகத்தான் என் அறைக்குப் போனேன். மூன்று தகரப் பெட்டிகளும் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கைப்பிடி பொரி.

குனிந்து ஒவ்வொரு பெட்டியாகக் கையை விட்டுத் துழாவினேன். ஆச்சி பின்னாலேயே வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“நல்ல நாளும் அதுவுமா, பிள்ளையாரோட வாகனத்தத் தகரப் பொட்டியில அடச்சு வச்சுக்கிட்டு, அவருக்கே நோன்பு கும்புடுறதா டீச்சர்? மனசு கேக்கல. தொறந்து விட்டுட்டேன். பசியோட போகக் கூடாதுன்னு பொரியும் வச்சேன். சாப்புட்டுட்டுத்தான் போச்சுக.”

“என்ன காரியம் பண்ணிட்டீக!” என்று நான் போட்ட சத்தத்தில் வளவில் சிரிப்பு நின்றது. “ரெண்டு வருசம் ஆச்சி! என் ரெண்டு வருசத்தப் பொரி வச்சு வழியனுப்பிட்டீக!”

சனிக்கிழமையைச் சொன்னேன், மதுரையைச் சொன்னேன், புழுவைச் சொன்னேன். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு, சுண்டெலி இல்லை, இரண்டுக்கும் ஏழாம் தலைமுறைச் சொந்தம்கூடக் கிடையாது என்று அந்த நேரத்திலும் பாடம் எடுத்தேன். வந்திருந்த உறவுக்காரர்கள் தூணுக்குத் தூண் நின்று பார்த்தார்கள். ஆச்சி முகம் சுருங்கிப் போனது. கையில் இருந்த தட்டை என் பக்கம் நீட்டி ஏதோ சொல்ல வந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையிலேயே பாய் எலிப்பொறிகளோடு வந்துவிட்டார். வறுத்த தேங்காய், கருவாடு, ஒன்றும் பாக்கியில்லை. ஆச்சி மார்கழி மாதத்தில் தன் வீட்டுச் சமையலறையில் கருவாடு வைப்பதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. குற்ற உணர்ச்சி எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள். எங்கள் பொறியில் இரண்டு வீட்டு எலி விழுந்தது. அப்புறம் ஒரு மூஞ்சூறு. பாய் பொறியைத் தூக்கிப் பிடித்து, “இது நெசமாவே வாகனந்தாம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆச்சி அங்குட்டு நின்றதால் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மூஞ்சூற்றை மட்டும் மரியாதையாகக் கொல்லைப்புறத்தில் விட்டோம்.

வெள்ளிக்கிழமை. பேராசிரியர் வர ஒரே நாள். இல்லாத எலிக்கு என்ன காரணம் சொல்வது? ‘பொரி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது சார்’ என்றா? அறையில் உட்கார்ந்து புழுக்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்டப் புரட்ட அழுகை வந்தது.

அப்போது ஆச்சி வாசலில் வந்து நின்றார். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு.

“டீச்சர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கப்படாது. என் மேல இருக்க ஆத்திரத்துல என் சோழிய எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீகளா?”

“எந்தச் சோழி?”

“பல்லாங்குழிச் சோழி. கொட்டான்ல போட்டு வச்சிருந்தேன். புளியங்கொட்டையும் சேந்து இருந்துச்சு. முந்தாநேத்து நெறைய இருந்தது, இன்னைக்குக் கொட்டான் பாதிகூட இல்ல.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா, உங்க சோழியத் திருட...” என்று எழுந்தவள் அப்படியே நின்றேன். ஓலைக் கொட்டானில் சோழியும் புளியங்கொட்டையும். பளபளக்கும் தரை உள்ள இந்த வீட்டில் பொடிக் கல் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. கல் கிடைக்காவிட்டால் ஒரு கொத்தனார் என்ன செய்வார்?

“ஆச்சி!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டான் இருந்த இடத்திலிருந்து தொடங்கி இருவரும் குனிந்தபடியே தேடினோம். இரண்டாம் கட்டில் ஒரு புளியங்கொட்டை. நடையில் இன்னொன்று. மூன்றாம் கட்டில், ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், மண் தரையில் விறகு அடுக்கியிருந்த மூலையில், ஆச்சி முதலில் பார்த்தார்.

“அடி ஆத்தி! கோலம் போட்டுருக்கு பாருங்க!”

சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு புது வளை. அதன் வாயை அடைத்து, சுற்றிலும் அரைவட்டமாக, ஆச்சியின் சோழிகளும் புளியங்கொட்டைகளும். மொத்தம் இருபத்தாறு இருந்ததா என்று கேட்டுவிடாதீர்கள். இல்லை. எண்ணினேன், முப்பத்தொன்று.

பாய்க்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து விறகை ஒவ்வொன்றாக எடுத்து, வளையின் மறுபக்க வாயில் பெட்டியை வைத்து, இந்தப் பக்கம் மெல்லத் தோண்டினார். முதலில் ஒன்று குதித்து விழுந்தது. அடுத்து இன்னொன்று. இரண்டும் ஆண். பெண் எலி கிடைக்கவே இல்லை. இருந்தாலும் இரண்டு கிடைத்துவிட்டதே! நானும் ஆச்சியும் கைகோத்துக்கொண்டு ஆட்டுக்கல்லைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டோம். பாய் பெட்டியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது ஆச்சி கேட்டார். “எண்ணி முடிச்சதும் விட்டுருவீகள்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. “இல்ல ஆச்சி. தொட எலும்புக்குள்ள இருக்க மஜ்ஜைய எடுக்கணும். உசுரோட எடுக்க முடியாது.”

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோன்பு கழிந்து இரண்டே நாள். பிறகு பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னார். “உங்க பொழப்ப நான் கெடுத்துட்டேன், தப்புதான். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு எனக்கு. அதத் தொடப்படாது.”

ஒரே எலி. தகடு சரியாக விழாவிட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை. “சரி” என்றேன். அவர் சோழியால்தானே கிடைத்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் பேராசிரியர் வந்துவிட்டார். குடும்பத்தைக் காரில் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கெட்டவர் இல்லை. எதையும் லேசில் நம்பாதவர். எலிக்குக் கால்ச்சிசின் ஊசி போட்டேன். வேலியில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சுதான் அது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களை நடுவழியில் நிறுத்தி வைக்கும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பிறகு மஜ்ஜையை எடுத்து, செல்கள் நீர் குடித்து உப்பும்படி நீர்த்த உப்புக் கரைசலில் ஊறவைத்து, கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினேன். பதற்றத்தில் சில சுற்றுக் கூடுதலாகவே சுற்றிவிட்டேன். பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டிருப்பார்.

தகட்டில் சொட்டு விடுவது பாயின் வேலை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, உயரத்திலிருந்து ஒரு சொட்டு. தகட்டில் விழும் வேகத்தில் செல் விரிந்து, உள்ளே இருப்பது பரவிக் கிடக்க வேண்டும். விழுந்ததும் சாராய விளக்கில் காட்டிக் காயவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். முதல் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் எல்லாம் ஒரே கட்டியாகக் கிடந்தது. பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “பிஸ்மில்லா” என்று மூன்றாவது சொட்டை விட்டார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அழகாக, ஒன்றையொன்று முட்டாமல், ஊதா நிறத்தில் விரிந்து கிடந்தன. நான் எழுந்து இடம் விட்டேன்.

பேராசிரியர் எண்ணினார். முதல் செல்லில் இருபத்தாறு. அடுத்ததில் இருபத்தேழு. திரும்ப எண்ணினார், இருபத்தைந்து. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்கள் கண்ணுக்கு இருபத்தாறு பழகிவிட்டது. என் கண்ணுக்கு நாற்பது பழகிவிட்டது. இரண்டு பேரையும் நம்ப முடியாது. எதுவும் தெரியாத ஒருவர் எண்ண வேண்டும்.”

“எதுவும் தெரியாதவங்களுக்கு விடுமுறைல எங்க சார் போறது?” என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் தூக்குச்சட்டியுமாக ஆச்சி இறங்கினார். தன் பங்கு எலியைப் பொட்டலில் விட வழி காட்ட என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

பேராசிரியர் அவரைப் பார்த்தார். “அம்மா, உங்களுக்கு எண்ண வருமா?”

ஆச்சி அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. “எத எண்ணணும், சொல்லுங்க” என்று தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

எத்தனை வரவேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது என்று பேராசிரியர் எங்களை ஜன்னல் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார். ஆச்சி ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல் கணுக்களில் நகர ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கட்டைவிரலைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் தெரியவில்லை.

“இருபத்தஞ்சு” என்றார் ஆச்சி.

நான் ஜன்னலை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டேன்.

“இருங்க, இருங்க. அவசரப்படாதீக. இங்குட்டு ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க விழுந்து கெடக்கு. அது ரெண்டு. இருபத்தாறு.”

பேராசிரியர் அவசரமாகக் குனிந்து பார்த்தார். அவருக்கு இருபத்தேழும் இருபத்தைந்தும் வந்தது அந்தச் செல்லில்தான். தகட்டை நகர்த்தி இன்னொரு செல்லைக் காட்டினார். “இருபத்தாறு.” இன்னொன்று. “இதுவும் அதேதான்.” பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னவோ செய்தார். ஆச்சி மறுபடி பார்த்தார். இந்தத் தடவை கட்டைவிரல் வெகுநேரம் ஓடியது.

“நாப்பது. என்ன சார், இது வேற எலியா?”

பேராசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் என் பழைய வயல் சுண்டெலித் தகட்டை மாற்றி வைத்திருந்தார். நான் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினேன்.

“அப்படியானால் அந்தப் பதினான்கு எங்கே?” என்று பேராசிரியர் என்னிடம் கேட்டார். குரல் மாறியிருந்தது. இப்போது அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நான் படங்களை எடுத்துப் பரப்பினேன். நாற்பது உள்ளதில் எல்லாம் குட்டை. இருபத்தாறு உள்ளதில் சில நல்ல நீளம். அத்தனையையும் அளந்து கூட்டினால் இரண்டின் மொத்த நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். தொலைந்துபோகவில்லை சார், எப்போதோ ஒரு காலத்தில் முனையோடு முனை ஒட்டிக்கொண்டன என்று நினைக்கிறேன் என்றேன். ஒட்டிக்கொண்டவற்றுக்கும் ஒட்டாதவற்றுக்கும் அதன் பிறகு சம்பந்தம் சரிப்பட்டு வராது. இரண்டும் தனித்தனி இனமாகப் போய்விடும்.

ஆச்சி தலையை நீட்டிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல என்ன சார் அதிசயம்? எங்க பொறந்த வீட்டுல ஏழு அடுப்பு எரிஞ்சுச்சு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி ஒல. அப்பறம் ரெண்டு மூணு பேரு ஒத்துப்போயி ஒரே ஒலையா வச்சாக. இப்ப நாலு அடுப்பு. அடுப்பத்தான் எண்ணுனா கொறஞ்ச மாதிரி இருக்கும். ஆளு அம்புட்டுப் பேரும் அங்குட்டுத்தான இருக்காக?”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அவரிடம் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான். என் நோட்டை வாங்கி, தேதி போட்டு, இருபத்தாறு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆச்சியின் தகரப் பெட்டியைப் பார்த்தார்.

“இன்னொன்று இருக்கிறதே? அதையும் செய்துவிடலாம்.”

“அது ஆச்சியோடது சார். வாக்குக் கொடுத்துட்டேன்.”

அவர் என்னையும் ஆச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ தரை காய்ந்ததும் புதிதாகப் பிடியுங்கள். இன்னும் நிறைய வேண்டியிருக்கும்” என்றார். அப்படியென்றால் புழு இல்லை. எலிதான். நான் தலையாட்டினேன்.

அன்று சாயந்திரமே அந்த எலியை மானகிரிப் பொட்டலில் விட்டோம். வீடு கட்ட இருக்கட்டும் என்று ஆச்சி ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அகப்படாமல் போன பெண் எலி ஆச்சி வீட்டிலேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அதன் பிறகு வெகுநாள் அந்த வீட்டில் பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால் சோழி குறையும்.

ஆனால் பொட்டலுக்குக் கிளம்பும் முன் ஒன்று நடந்தது. பேராசிரியர் பிள்ளையார்பட்டிக்குப் போன பிறகு ஆச்சி அந்தத் தூக்குச்சட்டியைத் திறந்தார். உள்ளே வாழையிலைத் துண்டில் ஒரு சின்ன மாவு உருண்டை, நடுவில் வெள்ளைத் திரி. மாவு கொஞ்சம் காய்ந்திருந்தது.

“அன்னைக்கித் தட்டுல இதத்தான் கொண்டாந்தேன். நீங்க கதவச் சாத்திட்டீக” என்றார். “கார்த்திகைக்கு மறுநாள்லருந்து உங்களுக்கும் சேத்துத்தான் நூல் எடுத்து வச்சேன்.”

நான் அந்த வீட்டுக்காரியும் இல்லை, அவர்கள் சாதியும் இல்லை. வாடகைக்கு இருந்தவள். நான் அவரைக் குழப்பிவிடலாம் என்று பேச்சுக் கொடுத்த நாளில்கூட அவர் விரலில் ஓடியதில் எனக்கான நூலும் இருந்திருக்கிறது. “என்ன மன்னிச்சிருங்க ஆச்சி, உறவுக்காரவுக முன்னால கத்திட்டேன்” என்றேன்.

“அட, அத விடுங்க. கத்தாத டீச்சர் உண்டா? வாயத் தொறங்க.”

தீப்பெட்டி யாரிடமும் இல்லை. பாய் சாராய விளக்கை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆச்சி உருண்டையை விரலில் ஏந்தி, திரியை அதில் காட்டினார். பற்றிக்கொண்டது.

“இருபத்தொண்ணு இருக்கு. எண்ணிப் பாத்துக்கிறீகளா?”

இரண்டு வருடமாக எதையும் மூன்று தடவை எண்ணாமல் எழுதாதவள் நான். “வேணாம் ஆச்சி” என்றேன். “நீங்க எண்ணினது சரியாத்தான் இருக்கும்.”

சுடரோடு வாயில் வாங்கிக்கொண்டேன்.